மூன்றாம் பெட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். நேற்று உனக்கு ஒரு செய்தி அனுப்பினேன், நம் வயலைப் பற்றிய அறிக்கையை இப்போது அனுப்பாதே, பத்து நாள் பொறு என்று. ஏன் என்று மூன்று முறை கேட்டாய். நான் பதில் போடவில்லை. பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பொய் சொன்ன வாய்க்கு அதே போனில் உண்மை சொல்ல வரவில்லை. எழுதினால் நீ என் முகத்தைப் பார்க்கமாட்டாய், நானும் உன் குரலைக் கேட்கவேண்டியதில்லை. அவ்வளவு தைரியசாலி உன் அப்பா.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அம்மாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை, வீடு கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிட்டாள். மோட்டார் மறுபடியும் புகைந்தது, காயில் கட்டக் கொடுத்திருக்கிறேன். உன் அறை ஜன்னலின் கொக்கி உடைந்துவிட்டது, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். நீ வரும்போது சரியாக இருக்கும்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் தாள் தீர்ந்துவிடும். சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

நான்கு பருவத்துக்கு முன்னால் நீ வந்து வயலை இரண்டாகப் பிரித்தாய். நடுவே வெள்ளையடித்த கல் வரிசை. கல்லுக்கு அந்தப்புறம் என் பங்கு. எப்போதும் போல் ஆழ உழவு, அறுத்தபின் சோளத்தட்டைக்குத் தீ, மூட்டை மூட்டையாய் உரம். கல்லுக்கு இந்தப்புறம் உன் பங்கு. உழவு கிடையாது. தட்டையை எரிக்காமல் அப்படியே மூடாக்காகப் போடவேண்டும். இரண்டு சோளத்துக்கு நடுவே பயறு விதைத்து மண்ணை வெறும் உடம்போடு விடாமல் வைக்கவேண்டும். உரம் நீ எடை போட்டுப் பொட்டலம் கட்டித் தந்த அளவு மட்டும். எந்தப் பக்கத்து மண் தேறுகிறது, எந்தப் பக்கத்திலிருந்து காற்றுக்குக் கெடுதல் அதிகம் போகிறது என்று பார்க்கப்போகிறோம் என்றாய். நான் சிரித்தேன். உழாத நிலத்துக்குக் கூலி யார் தருவார்கள் என்று கேலி செய்தேன். ஆனால் உள்ளுக்குள் பெருமையில் தலைகால் புரியவில்லை. என் மகள் என் வயலில் பாடம் நடத்துகிறாள் என்று டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை.

காற்றை அளக்க இருபுறமும் மும்மூன்று தகரப் பெட்டிகளை மண்ணில் பதித்தாய். மூடியில் ரப்பர் அடைப்பு. அதில் ஊசியைக் குத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே சேர்ந்த காற்றை உறிஞ்சி, கண்ணாடிக் குப்பியில் ஏற்றி, சீட்டு ஒட்டி உனக்கு அனுப்பவேண்டும். இதற்கு நடுங்காத கை வேண்டும் என்றாய். நம் கம்பவுண்டர் அண்ணனைத் தவிர வேறு யார்? முப்பத்திநான்கு வருடம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட கை. குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் ஊசியை எடுத்துவிடுவார் என்று பெயர். ஓய்வு பெற்று ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவை எண்ணிக்கொண்டிருந்த மனிதருக்கு நீ ஒரு வேலை கொடுத்தாய். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்றால் ஒன்பதே முக்காலுக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வயலில் நிற்பார். நோயாளியிடம் பேசுகிற மாதிரி பெட்டியிடம் பேசுவார். உரம் மிஞ்சினால் மண்ணிலிருந்து கிளம்பும், நாம் அளக்கிற இந்த நைட்ரஸ் ஆக்சைடு அவருக்குப் பழைய சிநேகிதம், பல் பிடுங்குமுன் மூக்கில் பிடிக்கிற சிரிப்பு வாயு. "உங்க நிலம் சிரிக்குதான்னு பாக்குறேன் தம்பி, ரொம்பச் சிரிச்சா ஊருக்கே காய்ச்சல் வரும்னு பாப்பா சொல்லுச்சு" என்பார். கரியமில வாயுவைவிட இருநூற்று எழுபது மடங்கு சூடேற்றும் வாயு என்று நீ சொன்னதை டெய்லரிடமும் பால்காரரிடமும் அவர்தான் பரப்பினார்.

முதல் பருவம். சோளம் முழங்கால் உயரம் வந்தபோது உன் பக்கம் வெளுத்தது. பிறகு மஞ்சளானது. என் பக்கம் கரும்பச்சை. நீ போனில் பயப்படாதீர்கள் என்றாய். தட்டை மக்கும்போது அதை மக்கவைக்கிற பூச்சி பொட்டுகள் மண்ணிலிருக்கும் சத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும், ஒன்றிரண்டு பருவத்துக்குப் பயிர் பட்டினி கிடந்த மாதிரி தெரியும், அப்புறம் மண்ணே திருப்பிக் கொடுத்துவிடும் என்றாய். சரி சரி என்று தலையாட்டினேன். நான் தலையாட்டியது உனக்குத் தெரிந்திருக்காது, ஆனால் நம்பவில்லை என்பது என் குரலிலேயே தெரிந்திருக்கும்.

உரக்கடை மூட்டைக்காரரைத் தெரியுமல்லவா, அவர் கடை வாசலிலிருந்து பார்த்தால் நம் வயலின் முன்பக்கம் முழுவதும் தெரியும். ஒரு நாள் டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது, "பொண்ணு வெளிநாட்டுல படிச்ச படிப்பு பயிருக்கு மஞ்சக்காமாலை கொண்டுவந்திருக்கு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாப்பா. அதை நினைத்தால் இன்றைக்கும் வாயெல்லாம் கசக்கிறது. அங்கேயே உன் பக்கம் பேசியிருக்கவேண்டும். மண்ணுக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள் என்று நீ சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், உரக்கடை திறப்பதற்குள், வீட்டில் இருந்த அரை மூட்டை யூரியாவைத் தோளில் போட்டுக்கொண்டு போய் உன் பக்கத்தில் தூவினேன்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டு வருடமாக உன் முகம் பார்த்துப் பேசாமல், போனை அம்மாவிடமே தள்ளிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே மழை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாளில் உன் பக்கம் கறுகறுவென்று தேறியது. மூட்டைக்காரர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அடுத்த பருவமும் மஞ்சள் வந்தது, அதேபோல் போட்டேன். மூன்றாம் பருவம் மஞ்சள் வருமா வராதா என்று பார்க்கக்கூட இல்லை, முன்னாலேயே போட்டுவிட்டேன். திருட்டுக்கும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. அறுவடையில் உன் பக்கத்து எடையைப் பார்த்து நீ சந்தோஷப்பட்டாயே, அதுவும் என் மூட்டை கொடுத்த எடை.

ஒரு இடத்தில் மட்டும் தூவவில்லை. மேற்குக் கடைசியில் மோட்டார் அறையை ஒட்டி எட்டு வரிசை. அது கடைவாசலில் இருந்து தெரியாது. ஆனால் கம்பவுண்டர் அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிர். அவர் விடியற்காலையிலேயே எழுந்து அங்கே உட்கார்ந்துவிடுவார். அந்த மனிதர் கண்ணில் படக்கூடாது என்று அந்த எட்டு வரிசைக்கு முன்னாலேயே திரும்பிவிடுவேன், மூன்று பருவமும். உன் பக்கத்து மூன்றாம் பெட்டி அங்கேதான் இருக்கிறது.

இதற்குமேல் நீயே புரிந்துகொள்வாய். ஒரே வயல், ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே கை எடுத்த காற்று. முதல் பெட்டியும் இரண்டாம் பெட்டியும் மூன்றாவதைவிடப் பன்னிரண்டு மடங்கு, பதினான்கு மடங்கு என்று கூச்சல் போட்டன. மூன்றாம் பெட்டி வாயே திறக்கவில்லை. நீ குழம்பிப்போய் என்னைக் கேட்டாய், "அப்பா, என் பக்கத்துல நீங்க எதாவது போட்டீங்களா, போட்டிருந்தாலும் திட்டமாட்டேன், சொல்லுங்க" என்று. மண்ணைத் தொட்டுச் சொல்கிறேன், ஒன்றும் போடவில்லை என்றேன். நான் அப்போது நின்றது சமையலறையில், கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில்.

நீ அதற்குமேல் கேட்கவில்லை. அப்பா சொன்னால் சரி என்று விட்டுவிட்டாய். நீ கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கக்கூடாதா என்று பல நாள் உன்மேலேயே கோபப்பட்டிருக்கிறேன். என் யோக்கியதையைப் பார்.

அப்பா பொய் சொல்லமாட்டார், இயந்திரம் பொய் சொல்லாது, அப்படியானால் மிச்சம் இருப்பது கம்பவுண்டர். உன் மேலதிகாரி அப்படித்தான் முடிவு கட்டினார். வயதின் காரணமாகக் கை நடுக்கமும் கவனக் குறைவும் ஏற்பட்டுக் குப்பிகள் மாறியிருக்கலாம், இனிமேல் இந்தப் பணிக்குத் தங்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை என்று உன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தது. கீழே உன் கையெழுத்து. அதை நினைத்து நீ கூனவேண்டாம். கையெழுத்துதான் உன்னுடையது, எழுதவைத்தவன் நான்.

அந்தக் கடிதத்தோடு அவர் நம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "தம்பி, பாப்பா வேலைய நான்தான் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லண்ணே, வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்றேன். நான் அவரை மன்னித்தேன், பாப்பா. நான் அவரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, அவரை வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

அன்றிலிருந்து அவர் சவரம் செய்வதை விட்டுவிட்டார். கத்தி பிடிக்கப் பயமாக இருக்கிறதாம். தாடியோடு அவரைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. எதிர்வீட்டு டெய்லருக்குத் தினமும் சர்க்கரை ஊசி போட்டுக்கொண்டிருந்தார், இப்போது "ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க, என் கை சரியில்ல" என்று திருப்பி அனுப்புகிறார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். போன மாதம் வயலுக்குப் போகும்போது பார்த்தேன், ஜன்னலோரம் உட்கார்ந்து வலது கையை முன்னால் நீட்டி, விரல்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை மடியில் ஒளித்துக்கொண்டார். நான் மோட்டாரைப் பார்க்கிற மாதிரி வேகமாகப் போய்விட்டேன்.

அவருக்குக் கடிதம் வந்த பிறகு எனக்கு மூட்டையைத் தொடக் கை வரவில்லை. இந்த நான்காம் பருவத்தில் நீ பொட்டலம் கட்டிக் கொடுத்த அளவுக்குமேல் ஒரு பிடி போடவில்லை, எங்கேயும். மஞ்சள் வரட்டும், எல்லோரும் சிரிக்கட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தேன். மஞ்சள் வரவில்லை, பாப்பா. முழங்கால் உயரம் தாண்டி, இடுப்பு தாண்டி, இப்போது என் தலைக்குமேல் நிற்கிறது. அதைவிடப் பெரிய செருப்படி அந்த எட்டு வரிசை. நீ வயலைப் பிரித்ததிலிருந்து என் யூரியாவைக் காணாத இடம். முதல் இரண்டு பருவமும் வெளுத்துக் கிடந்தது. மூன்றாம் பருவத்திலேயே தானாகத் தேறியிருக்கிறது, நான்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கு மற்ற வரிசைக்கும் அதற்கும் ஒரு இலை வித்தியாசம் கிடையாது. நீ சொன்ன தவணைக்கு மண் சொன்னபடி திருப்பிக் கொடுத்திருக்கிறது. நான்தான் நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மழைக்கு மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். என் பக்கத்தில் ஒரு வெட்டு, ஓடு மாதிரி பெயர்ந்தது, இரண்டு மண்புழு. நான் யூரியா தூவிய இடத்தில் ஒரு வெட்டு, ஒன்பது புழு. எட்டு வரிசையில் ஒரு வெட்டு, மண் ரொட்டித்தூள் மாதிரி கையில் உதிர்ந்தது, பதினேழு புழு. இரண்டு முறை எண்ணினேன். என் பக்கத்தில் மழைத்தண்ணீர் இன்னும் தேங்கி நின்றது, அங்கே குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. அந்த மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். பின்னால் உன் அம்மா சாப்பாட்டுத் தூக்குடன் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரியும், அந்தக் காலி மூட்டையைத்தான் விறகு மேல் போர்த்தி வைத்திருக்கிறாள். என் வாயால் வரட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்திருக்கிறாள். "நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா" என்று மட்டும் கேட்டாள்.

அதனால் எழுதுகிறேன். அறிக்கையில் ஒரு வரி வரப்போகிறது என்று நீ போனில் வாசித்துக் காட்டினாய். காற்றளவுகளை எடுத்தவரின் பிழையால் அவை சேர்க்கப்படவில்லை என்று. அந்த வரியை எடுத்துவிடு. அவரிடம் பிழை இல்லை. அவர் எடுத்த ஒவ்வொரு எண்ணும் சரி. கூச்சல் போட்ட இரண்டு பெட்டியும் என்னைப் பற்றித்தான் கூச்சல் போட்டன. மூன்றாம் பெட்டி உன் முறையைப் பற்றி உண்மையைச் சொன்னது. அந்த வரியின் இடத்தில், நிலத்துக்காரர் யாருக்கும் சொல்லாமல் மூன்று முறை யூரியா இட்டார் என்று எழுது. தேதிகளைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், மறக்கிற தேதிகளா அவை. அப்பா என்று பார்க்காதே. உன் நான்கு பருவ உழைப்பில் மூன்றைக் கெடுத்தவனை அப்பா என்று சொல்லிக்கொள்ள உனக்கு மனம் வராவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

கம்பவுண்டர் அண்ணனுக்கு நீயே தனியாக ஒரு கடிதம் போடு. எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அவருக்கு எழுது. ஆனால் அதுவரை காத்திருக்க எனக்கு உரிமை இல்லை. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் இப்போதே அவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். வாயால் சொல்ல வராது, படிக்கக் கொடுத்துவிட்டு நிற்பேன். அவர் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். உன் சொல்லை நம்புகிற மனிதர்கள் உனக்கு அமையவேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: போய் வந்துவிட்டேன். அவர் ஜன்னலோரம் நின்றபடியே முழுக்கப் படித்தார். மறுபடி முதல் தாளை எடுத்து இன்னொரு முறை படித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். "அப்ப என் கைக்கு ஒண்ணும் இல்லையா" என்று மட்டும் கேட்டார். ஒன்றும் இல்லை அண்ணே என்றேன். உள்ளே போய்ப் பேனா எடுத்துவந்து, உறையை என் கையிலிருந்து வாங்கி, உன் முகவரியை அவரே எழுதினார். எழுதி முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.

உறையை எடுத்துப் பார், பாப்பா. முதல் வரியில் எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கும். அது வயதால் வந்தது இல்லை, நான் கொடுத்தது. கீழே வரவர நேராகிறது, கடைசி வரி பழைய கம்பவுண்டர் அண்ணன் எழுத்து. உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே, நான் செய்ததை நான் மறந்துபோனால் எனக்குக் காட்டுவதற்காக வைத்திரு.